கர்ணத்தின் கணக்கு மூட்டை

1980 நவம்பர் 14 அன்று தமிழ்நாட்டில் சுமார் 23,000 பேருக்கு ஒரே நாளில் வேலை போனது. எந்த ஆலையும் மூடப்படவில்லை. எம்.ஜி.ஆர். அரசு கொண்டுவந்த அவசரச் சட்டம் ஒன்று பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்துவிட்டது, அவ்வளவுதான். வேலை இழந்தவர்கள் ஊர்க் கணக்கு எழுதிய கர்ணங்களும் தீர்வை வசூலித்த மணியக்காரர்களும். பலர் அப்பனுக்குப் பின் மகன் என்று அந்த இடத்துக்கு வந்தவர்கள். பதவியை விட்டால் மட்டும் போதாது, கையில் இருக்கும் கணக்குகளையும் ஒப்படைக்க வேண்டும் என்றது சட்டம். அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் விழுப்புரம், திண்டிவனம் தாலுகாக்களிலும் கர்ணம் வீட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்த காகிதக் கட்டுகள் வருவாய்த் துறையின் கைக்கு மாறின.

அந்தக் கட்டுகளைப் பிரித்தால் ஊர் மொத்தமும் உள்ளே இருக்கும். 'அ' பதிவேட்டில் ஒவ்வொரு புல எண்ணும் நஞ்சையா புஞ்சையா, மண் என்ன ரகம், தீர்வை எவ்வளவு என்று இருக்கும். இன்னார் பெயரில் எந்தெந்தப் புலம் என்று சிட்டா சொல்லும். இந்தப் பசலியில், அதாவது வருவாய் ஆண்டில், எந்தப் புலத்தில் என்ன பயிர், தண்ணீர் ஏரியிலிருந்தா கிணற்றிலிருந்தா, விளைந்ததா சாவியா என்பதை அடங்கல் சொல்லும். கோணல்மாணலாகப் போகும் வரப்புகளை முக்கோணங்களாகப் பிரித்துச் சங்கிலியால் அளந்து வரைந்த புலப்படங்கள் தனியாக இருக்கும். இப்படி எண் போட்ட கணக்குகள் இருபதுக்கும் மேல். ஒன்றில் எழுதியது இன்னொன்றில் போய் நிற்கும் என்பதுதான் இதில் விசேஷம். அடங்கலில் பயிர் கருகியது என்று எழுதினால் அது தள்ளுபடிக் கணக்கில் ஏறும். தள்ளுபடி ஏறினால் அரசு கேட்க வேண்டிய தீர்வைத் தொகையான கேட்பு குறையும். கேட்பு என்று ஒரு தொகை இருந்தால் வசூலும் பாக்கியும் சேர்ந்து அதற்குச் சரியாக வர வேண்டும். வராவிட்டால் ஜமாபந்தி என்ற ஆண்டுத் தணிக்கையில் கர்ணம் பதில் சொல்ல வேண்டும்.

இன்று பெரிய கம்பெனிகளில் ஈ.ஆர்.பி. என்று ஒரு மென்பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள். கிடங்கில் மூட்டை இறங்கியதும் ஒருவர் பதிவு செய்தால், அதே பதிவை வைத்துக் கணக்குப் பிரிவு பில் போடும், கொள்முதல் பிரிவு அடுத்த ஆர்டரை முடிவு செய்யும், முதலாளி மாலையில் லாப நட்டம் பார்ப்பார். ஒரே தகவலை நான்கு இடத்தில் நான்கு விதமாக எழுதும் தொல்லை இல்லை. ஐ.பி.எம்.மை விட்டு வெளியேறிய ஐந்து பேர் 1972இல் ஜெர்மனியில் தொடங்கிய எஸ்.ஏ.பி. நிறுவனம் இந்த வியாபாரத்தில் முன்னோடி. ஈ.ஆர்.பி. என்ற பெயர் 1990இல்தான் புழக்கத்துக்கு வந்தது. பெயரை விட்டுவிட்டுப் பார்த்தால், கர்ணத்தின் கட்டும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். இப்படிப்பட்ட ஓர் ஏற்பாடு ஓர் இடத்தில் ஏன் ஊன்றுகிறது, இன்னோர் இடத்தில் ஏன் கவிழ்கிறது என்று மேலாண்மைப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. விழுப்புரம் மாவட்டத்து நிலக் கணக்கின் கதையைப் படித்தால் அதில் பாதிக்குமேல் விளங்கிவிடும்.

இந்த மண்ணுக்குக் கணக்கு புதிதல்ல. விக்கிரவாண்டி வட்டத்தில் எண்ணாயிரம் என்று ஓர் ஊர். அங்கே முதலாம் இராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று கல்லூரி ஒன்றின் வரவு செலவுத் திட்டத்தையே கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. இளநிலை மாணவர் 270 பேர், முதுநிலை 70 பேர். ரிக் வேதம் படிப்போர் 75, யஜுர் வேதம் 75, இலக்கணம் 40 என்று பிரிவு வாரியாகத் தலை எண்ணியிருக்கிறார்கள். முதுநிலையில் வியாகரணம் 25, மீமாம்சை 35, வேதாந்தம் 10. யாருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு நெல் என்று கணக்கு உண்டு. அத்தனைக்கும் முதலாக 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டது. இத்தனை வாய், இத்தனை நெல், இத்தனை நிலம் என்று ஒன்றிலிருந்து ஒன்றைக் கணக்கிட்டிருக்கிறார்கள். வளத் திட்டமிடல் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

அதே வட்டாரத்து எசாலத்தில் 1987இல் இராஜேந்திரனின் செப்பேடுகள் கிடைத்தன. சோழர் காலத்து நிலக்கொடைச் சாசனங்களைப் படிப்பவர்களுக்கு முதலில் அலுப்புத் தட்டும், பிறகு வியப்பு வரும். அரசன் வாயால் சொன்னது நேராக நிலத்துக்கு வந்துவிடாது. ஓலை எழுதுபவர் ஒருவர், ஒப்பிடுபவர் ஒருவர். அதன் பிறகு புரவுவரித் திணைக்களம், வரிப்பொத்தகம், முகவெட்டி, பட்டோலை என்று ஒரு நீண்ட அலுவலர் வரிசையின் கையைக் கடந்துதான் கணக்கில் ஏறும். பிறகு அதிகாரிகளும் ஊராரும் எல்லையை நடந்து காட்ட வேண்டும். அந்த நடைக்குப் பெண்யானையைக் கூட்டிப்போகும் வழக்கமும் இருந்தது. ஏட்டில் எழுதியதும் தரையில் இருப்பதும் ஒன்றுதானா என்று ஊர் கூடி, எல்லோர் கண்ணெதிரிலும் சரிபார்த்தார்கள். பின்னாளில் நம்மவர்கள் அடிக்கடி விட்டுவிட்ட படி இதுதான்.

1801இல் ஆற்காட்டு நவாபின் நாடு கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது. தாமஸ் மன்றோ 1820இல் சென்னை கவர்னரானபின் இரயத்துவாரி முறை மாகாணத்தின் பொது விதியானது. ஜமீன்தார் போன்ற இடைத்தரகர் இல்லாமல், ஒவ்வொரு குடியானவனிடமும் அரசு நேரடியாகத் தீர்வை கேட்கும் முறை அது. கேட்க வேண்டுமென்றால் ஒவ்வொரு குடியானவனின் ஒவ்வொரு துண்டு நிலமும் தெரிந்திருக்க வேண்டும். லண்டனில் உட்கார்ந்திருக்கும் கம்பெனிக்கு அதைச் சொல்ல ஓர் ஆள் தேவை. அந்த ஆள் கர்ணம். 1858இல் மாகாணத்தில் முறையான நில அளவைக்கும் தீர்வைக்கும் தனித் துறை ஏற்பட்டபின், 100 கண்ணிகளும் 66 அடி நீளமும் கொண்ட சங்கிலி ஊர் ஊராகப் போனது. புல எண்கள் வந்தன, அவற்றோடு ஏக்கரும் சென்டும் வந்தன.

குடியானவன் வாயில் மட்டும் காணி போகவில்லை. 100 குழி ஒரு காணி, ஒரு காணி 1.32 ஏக்கர். திண்டிவனம் பக்கம் இன்றும் நிலம் பேசும்போது காணிக் கணக்கில் பேசுவோர் உண்டு. பத்திர எழுத்தர் ஏக்கர், சென்டில் எழுதுவார். பட்டாவில் ஹெக்டேர், ஏர்ஸ் என்று அச்சாகும். ஒரே நிலம் பேச்சில் ஒரு காணி, பத்திரத்தில் 1 ஏக்கர் 32 சென்ட், பட்டாவில் ஏறத்தாழ 0.53.5 ஹெக்டேர். மூன்றுக்கும் நடுவில் ஒரு சென்ட், இரண்டு சென்ட் எங்கேயாவது உதிரத்தான் செய்யும். கம்பெனிகளில் ஈ.ஆர்.பி. கொண்டுவரும்போது, ஸ்டோரில் 'பெட்டி' என்றும் கணக்கில் 'டஜன்' என்றும் இருக்கும் சரக்கை ஒன்றாக்க மாதக்கணக்கில் சண்டை நடக்கும். நிலத்தில் அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

ஜமாபந்தியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றும் அது நடக்கிறது. வருவாய் ஆண்டான பசலி ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும். முடிவதற்கு முன், மே, ஜூன் வாக்கில் ஒவ்வொரு தாலுகா அலுவலகத்திலும் ஜமாபந்தி அலுவலர் உட்காருவார். அது ஆட்சியராக இருக்கலாம், மாவட்ட வருவாய் அலுவலராகவோ கோட்டாட்சியராகவோ இருக்கலாம். பல ஊர்கள் சேர்ந்த பிர்கா வாரியாக நாள் குறிப்பார்கள். அந்தந்த ஊர்க் கணக்கை மேசையில் விரித்து, ஒரு கணக்கின் கூட்டல் இன்னொரு கணக்கின் தொடக்கத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். அளவை செய்பவரின் சங்கிலி நீண்டுவிட்டதா, கண்ணி தேய்ந்ததா என்றும் பார்ப்பார்கள். அளக்கும் கருவியையே அளக்கும் புத்தி யாருக்கு முதலில் தோன்றியதோ, அவர் கெட்டிக்காரர். அதே நாளில் ஊர்க்காரர்கள் மனுவோடு வந்து நிற்பார்கள். 'என் பெயர் தப்பாக இருக்கிறது', 'அண்ணன் நிலம் என் பட்டாவில் ஏறியிருக்கிறது' என்று அங்கேயே சொல்வார்கள். கணக்கு எழுதியவர், கணக்கைத் தணிக்கை செய்பவர், கணக்கால் பாதிக்கப்பட்டவர் மூவரும் ஆண்டுக்கு ஒருமுறை ஒரே கூரையின் கீழ் நிற்கிறார்கள். எந்த மென்பொருள் கம்பெனியின் திட்ட அட்டவணையிலும் இதற்கு நிகராக ஒன்றைக் காண்பது அரிது.

ஆனால் இந்த ஏற்பாட்டின் அச்சாணி கர்ணம். அவர் பேனா கொஞ்சம் சாய்ந்தால் ஒருவன் நிலம் இன்னொருவன் நிலமாகிவிடும். வேலை பரம்பரையாக இருந்ததால் ஊரில் சிலருக்கு அது பாதுகாப்பு, பலருக்கு அது பயம். கிராமப் பதவிகள் பரம்பரையாகப் போவது அரசமைப்புக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் 1960இல் ஆந்திரத்து வழக்கு ஒன்றில் தீர்ப்புச் சொன்னது. 1968இல் தமிழ்நாட்டில் பரம்பரை உரிமை சட்டப்படி போனது. 1980இல் பதவியே போனது. கர்ணங்கள் வழக்காடினார்கள். 1982இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. தகுதியுள்ள பழைய ஆட்களைப் புதிய வேலைக்குப் பரிசீலிப்பதாக அரசு நீதிமன்றத்தில் சொன்னது. அவர்களுடைய இடத்தில் முழுநேரக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். தேர்வாணையம் வழியாகத் தேர்வு எழுதி வந்தவர், மாறுதலில் ஊர் மாறிப் போகக்கூடியவர், ஊரில் யாருக்கும் மாமன் மச்சான் அல்லாதவர்.

கொள்கையாகப் பார்த்தால் அது நியாயமான முடிவு என்பதில் சந்தேகமில்லை. நேரம்தான் இடித்தது.

ஏனென்றால் அதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பே, 1979 ஜூனில், அரசு இன்னொரு பெரிய வேலையைத் தொடங்கியிருந்தது. நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம், ஊர்வாயில் யூ.டி.ஆர். நூறாண்டு பழைய பதிவேடுகளை நடப்புக்குக் கொண்டுவருவது, இறந்தவர் பெயரை எடுத்து அனுபவிப்பவர் பெயரைப் போடுவது, புதிய உட்பிரிவுகளை அளந்து சேர்ப்பது, ஏக்கரை ஹெக்டேராக மாற்றுவது, எல்லாவற்றையும் சேர்த்து மாநிலம் முழுக்கச் செய்தார்கள். 1987 ஏப்ரல் வரை நடந்தது. எந்தத் துண்டு எவருடையது, எந்தப் பாகப்பிரிவினை வாய்மொழியாக நடந்தது, எந்தப் பெரியசாமி எந்தப் பெரியசாமி அல்ல என்பது கட்டில் இல்லை, கர்ணத்தின் மண்டையில் இருந்தது. அதைக் கேட்டு எழுத வேண்டிய நேரத்தின் நட்டநடுவில் கர்ணம் வீட்டுக்குப் போய்விட்டார். கோபத்தோடு போனவர் வலிய வந்து உதவுவார் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஈ.ஆர்.பி. நிறுவ வருபவர்களிடம் கேட்டால், தகவலைச் சுத்தம் செய்யும்போது ஆளை மாற்றாதே, ஆளை மாற்றும்போது தகவலில் கை வைக்காதே என்பார்கள். இங்கே இரண்டும் ஒன்றாக நடந்தன.

இன்று தமிழ்நாட்டில் நிலத் தகராறு பேசும் எந்தத் திண்ணையிலும் 'யூ.டி.ஆர். தப்பு' என்ற சொற்றொடர் அடிபடாமல் இருக்காது. தம்பி பெயர் விட்டுப்போனது, பக்கத்துப் புலத்துக்காரர் பெயர் ஏறியது, பட்டா நிலம் புறம்போக்கு என்று விழுந்தது, பரப்பு குறைந்தது. அதைத் திருத்த மாவட்ட வருவாய் அலுவலர் வரை மனு போக வேண்டியிருக்கிறது.

இந்தப் பதிவேடுகள்தாம் பிறகு கணினிக்குள் போயின. நிலப் பதிவேடுகளைக் கணினிமயமாக்கும் மத்தியத் திட்டம் 1988–89இல் எட்டு மாவட்டங்களில் வெள்ளோட்டமாகத் தொடங்கியது. அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டு மாவட்டம் எதுவும் இல்லை. பின்னர் திட்டம் விரிந்து இங்கும் வந்தது. தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய மென்பொருளுக்குத் 'தமிழ்நிலம்' என்று பெயர். தாலுகா அலுவலகத்தில் கணினிச் சிட்டா அச்சாகி வந்தபோது ஊரே மகிழ்ந்தது. கையெழுத்துப் புரியவில்லை என்ற பேச்சு ஒழிந்தது. இன்று 'எங்கிருந்தும் எந்நேரமும்' என்ற இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் பட்டா கைப்பேசியில் வந்து நிற்கிறது. செஞ்சியில் இருக்கும் நிலத்துக்குச் சிங்கப்பூரில் இருந்துகொண்டு பட்டா பார்க்கலாம். இதைச் சின்ன விஷயம் என்று சொல்லக் கூடாது. ஒரு காகிதத்துக்காகத் தாலுகா அலுவலக வேப்பமரத்தடியில் நாள் கடத்தியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஆனால் கணினி பொய் சொல்வதில்லை, கேட்ட பொய்யைத் திருப்பிச் சொல்கிறது. கர்ணத்தின் கட்டில் ஒரு பிழை இருந்தால் ஊரில் நாலு பேர் 'அது அப்படி இல்லை' என்று சொல்லலாம். அச்சில் வந்துவிட்டால் வங்கிக் கடன், பயிர்க் காப்பீடு, நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்கும்போது இழப்பீடு எல்லாம் அந்த அச்சையே நம்பும்.

பக்கத்துக் கர்நாடகத்தின் 'பூமி' திட்டத்தைப் பலரும் வெற்றிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். 2000ஆம் ஆண்டை ஒட்டி, ராஜீவ் சாவ்லா என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியின் பொறுப்பில், 67 லட்சம் விவசாயிகளின் 2 கோடி பதிவேடுகளைக் கணினியில் ஏற்றினார்கள். அதில் கவனிக்கத்தக்கது கணினியல்ல. ஒரு தாலுகாவில் கணினிப் பதிவு தயாரானதும் அங்கே கையால் எழுதிய நகல் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். இரண்டு கணக்கும் சேர்ந்து ஓடும் காலத்தை வளரவிடவில்லை. பதிவை மாற்றும் அலுவலர் விரல் ரேகை வைத்துத்தான் உள்ளே நுழைய முடியும். மனு வந்த வரிசையில்தான் தீர்க்க முடியும், நடுவில் இருக்கும் வேண்டியவர் மனுவை மேலே இழுக்க முடியாது. ஓர் ஊழியர் தம் வசதிக்கு வளைக்க முடியாதபடி வேலையின் போக்கையே மாற்றினார்கள். அதிகாரி நீண்ட காலம் இடமாறாமல் அதே பொறுப்பில் இருந்தார். நம் நாட்டு நிர்வாகத்தில் அதுவே ஓர் அதிசயம்.

எதிர் உதாரணம் வேண்டுமென்றால் அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் கம்பெனி. 48 மாதங்கள் ஆகும் என்று சொல்லப்பட்ட ஈ.ஆர்.பி. வேலையை 30 மாதங்களுக்குள் சுருக்கி, 11.2 கோடி டாலர் செலவழித்து, 1999 கோடையில் இயக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த ஊரில் அக்டோபர் கடைசியில் ஹாலோவீன் மிட்டாய்க் காலம். நம்மூர்த் தீபாவளிக்கு முந்தின வாரம் இனிப்புக் கடைக்காரர் புது பில்லிங் மெஷின் போட்டதைப் போல. கிடங்கு நிறைய சரக்கு இருந்தும் 10 கோடி டாலர் ஆர்டருக்கு அனுப்ப முடியவில்லை. மென்பொருள் நல்லதுதான், தேதிதான் தப்பு.

நிலக் கணக்கில் வேறொரு சிக்கலும் உண்டு. கம்பெனியில் கிளையைப் பிரித்தால் இரண்டு மேலாளர் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. மாவட்டத்தைப் பிரித்தால் ஒவ்வொரு ஊரின் முகவரியும் கணினிக்குள் மாற வேண்டும். 1993 செப்டம்பர் 30இல் தென்னார்க்காடு பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமானது. 2019 நவம்பர் 26இல் அதிலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. மிச்சமுள்ள விழுப்புரம் மாவட்டத்தில் இன்று விழுப்புரம், திண்டிவனம் என இரண்டு வருவாய்க் கோட்டங்கள், ஒன்பது வட்டங்கள். மரக்காணம், கண்டாச்சிபுரம், மேல்மலையனூர் போன்றவை வெவ்வேறு காலத்தில் தாய் வட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டவை. ஒவ்வொரு பிரிவிலும் ஊர்ப் பெயர் பழைய பத்திரத்தில் ஒரு வட்டத்தில் இருக்கும், புதுப் பட்டாவில் இன்னொன்றில் இருக்கும். வெளியூர் வங்கி மேலாளர் இரண்டையும் வைத்துக்கொண்டு விழிப்பார். போதாததற்கு விழுப்புரம், திண்டிவனம் நகராட்சி எல்லைக்குள் நகர அளவை வேறு. அங்கே வார்டு, பிளாக், நகரப் புல எண் என்று தனி வரிசை. கிராமத்து வீட்டுமனைகளான நத்தம் நிலத்துக்கு இன்னொரு தனிப் பதிவேடு. அது கணினிக்குள் வருவதற்கு மிகவும் தாமதமானது.

2020இல் நடந்ததைச் சொல்லாமல் இந்தக் கதையைத் தாண்ட முடியாது. பி.எம். கிசான் திட்டத்தில் நிலமுள்ள விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக வங்கிக் கணக்கில் விழும். 2019 பிப்ரவரியில் தொடங்கியது. முதலில் கிராம நிர்வாக அலுவலர் பார்த்துச் சரி சொன்னபிறகே பெயர் ஏறும். பிறகு விவசாயியே இணையத்தில் பதிந்துகொள்ள வழி திறந்தார்கள். வட்டார வேளாண் அலுவலகத்தில் ஒப்புதல் கொடுத்தால் போதும். கொரோனா ஊரடங்குக் காலத்தில் நேரில் சரிபார்ப்பது தளர்ந்தது. ஒப்புதல் கொடுக்கும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அதிகாரி கையில் இருக்க வேண்டியவை. அவை ஒப்பந்த ஊழியர் கைக்கும், அங்கிருந்து வெளியே இருந்த கணினி மையங்களுக்கும் போயின. ஆதார் எண்ணும் வங்கிப் புத்தகமும் கொடுத்தால் 2,000 ரூபாய் வரும் என்ற செய்தி பரவியது. நிலமே இல்லாதவர்கள் விவசாயிகள் ஆனார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் விஷயம் வெடித்தபோது கள்ளக்குறிச்சியும் விழுப்புரமும் கடலூரும்தான் செய்தித்தாள்களின் முதல் பக்கத்தில் இருந்தன. மாநிலம் முழுக்கச் சுமார் 5.5 லட்சம் தகுதியற்ற பயனாளிகள், 110 கோடி ரூபாய் என்று அரசு சொன்னது. சி.பி.சி.ஐ.டி. விசாரணை வந்தது. அதிகாரிகள் சிலர் இடைநீக்கம், ஒப்பந்த ஊழியர்கள் நீக்கம். போன பணத்தை வங்கிக் கணக்குகளிலிருந்து திரும்ப எடுக்கும் வேலை ஊர் ஊராக நடந்தது.

இதில் மென்பொருளில் ஒரு பழுதும் இல்லை. அது சொன்னபடி வேலை செய்தது. நில ஆவணம் ஒரு துறையில், உழவர் பட்டியல் இன்னொரு துறையில் இருந்தன. இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளவில்லை. புல எண்ணைக் கேட்டு 'இது உன்னுடையதுதானா' என்று சிட்டாவைப் பார்த்திருந்தால் பெரும்பகுதி வாசலிலேயே நின்றிருக்கும். இரண்டுக்கும் நடுவே நின்று கையெழுத்துப் போட்ட மனிதரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒன்றும் வைக்கவில்லை. சோழர் காலத்தில் ஒரு நிலம் கணக்கில் ஏற எத்தனை பேர் கையெழுத்து வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

துறைகளை இணைக்கும் முயற்சி நடக்காமல் இல்லை. 2018 பிப்ரவரியில் பதிவுத் துறை 'ஸ்டார் 2.0' என்ற இணையப் பதிவு முறைக்கு மாறியது. அதுவரை பத்திர ஆபீசில் கிரயம் பதிவானாலும் பட்டா மாற்றத்துக்குத் தாலுகா அலுவலகத்தில் தனியாக மனு போட வேண்டும். பலர் போடாமலே விட்டுவிடுவார்கள். மூன்று கைமாறிய நிலத்தின் பட்டா இன்னும் முதல் ஆள் பெயரிலேயே இருக்கும். இப்போது பத்திரம் பதிவானதும் தகவல் தமிழ்நிலத்துக்குப் போய்விடுகிறது. முழுப் புலமும் கைமாறினால், விற்பவர் பெயரும் பட்டாவில் இருக்கும் பெயரும் ஒத்துப்போனால், பட்டா தானாக மாறும் வசதியும் வந்துவிட்டது. இந்த 'ஒத்துப்போனால்' என்ற இடத்தில்தான் யூ.டி.ஆர். காலத்துப் பிழைகள் திரும்ப எழுந்து வருகின்றன. பத்திரத்தில் 'கோவிந்தசாமி கவுண்டர் மகன்', பட்டாவில் 'கோவிந்தன்' என்றால் கணினி தயங்கி நிற்கும்.

புலத்தில் ஒரு பகுதியை மட்டும் விற்றால் உட்பிரிவு செய்ய வேண்டும். அப்போது சர்வேயர் நேரில் வர வேண்டும், கல் நட வேண்டும், பக்கத்து நிலக்காரர் முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும். எத்தனை சர்வர் வாங்கினாலும் ஒரு பிர்காவுக்கு ஒரு சர்வேயர் என்றால் வேலை அவர் வண்டி போகும் வேகத்தில்தான் நகரும்.

தனியார் பக்கம் கதை இதைவிடச் சுருக்கம். விழுப்புரம், திண்டிவனம் வணிகர்களுக்குக் கணக்கு மென்பொருள் என்றால் டாலிதான். பெங்களூரில் 1986இல் தொடங்கிய கம்பெனி அது. 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்தபோது மஞ்சள் துணி அட்டை போட்ட பேரேட்டில் இருந்தவர்களும் கணினிக்கு வர நேர்ந்தது. அவர்களில் பலர் இதைப் பிசிறில்லாமல் செய்துவிட்டார்கள். காரணம் எளிது. பதிவு தப்பினால் வரி வித்தியாசம் அடுத்த மாதமே முதலாளி பையில் கை வைக்கும். எழுதுபவனும் நட்டப்படுபவனும் ஒரே ஆள். அரசுக் கணக்கில் எழுதுபவர் ஒருவர், நட்டப்படுபவர் எங்கோ ஓர் ஊரில் இன்னொருவர்.

அடங்கலின் அண்மைக் கதை அரசுக் கணக்கின் இன்னொரு குறையைக் காட்டுகிறது. புலம் புலமாகக் கைப்பேசியில் படம் எடுத்து, இடக்குறியோடு பயிரைப் பதியும் மின்னணுப் பயிர் கணக்கெடுப்பு மத்திய அரசின் திட்டம். அடங்கல் எழுதுவது கிராம நிர்வாக அலுவலரின் வேலை என்பதால் இதுவும் அவர் தலையில்தான் விழ வேண்டும். கூடுதல் சுமை, போதிய கருவி இல்லை என்று அவர்களுடைய சங்கங்கள் மறுத்தன. 2024இன் இறுதியில் வேளாண் கல்லூரி மாணவர்களை வயலில் இறக்கினார்கள். ஊர் தெரியாத பிள்ளைகள் கைப்பேசி வரைபடத்தைப் பார்த்து வரப்பு தேடினார்கள். எவர் கையில் கணக்கு இருக்கிறதோ அவரைக் கலக்காமல் கணக்கை மாற்றும் பழக்கம் 1980இலிருந்து இன்னும் விடவில்லை போலிருக்கிறது.

யூ.டி.ஆர். முடிந்து நாற்பது ஆண்டை நெருங்குகிறது. பிழைத் திருத்த மனுக்கள் இன்னும் வருகின்றன. அந்த மனுவோடு, யூ.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டின் நகலையும் பழைய சிட்டாவின் நகலையும் வைக்கச் சொல்கிறார்கள். அந்த நகல் இணையத்தில் கிடைக்காது. பழைய கட்டுகள் இருக்கும் ஆவண அறையில் விண்ணப்பம் போட்டு, பெயரையும் புல எண்ணையும் சொல்லி, ஊழியர் தேடி எடுத்துத் தரும்வரை காத்திருக்க வேண்டும்.